எங்க ஒடம்புக்கு ரெண்டு வெலை

"சர்டிபிகேட் கொண்டாந்தாத்தான் உள்ள வுடுவேன்" என்று சொல்லிவிட்டான் காண்ட்ராக்டர். 2020 ஜூன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலை வாசல். அங்கே கூட்டிப் பெருக்கும் எங்கள் சேரி அக்கா என்னிடம் வந்தாள்: "மூக்குல குச்சி வுட்டுப் பாக்க மூவாயிரமாமே தம்பி? எனக்கு நாள் கூலியே முந்நூத்தம்பது." தனக்கு நோயில்லை என்று நிரூபிக்க ஏறக்குறைய ஒன்பது நாள் உழைப்பு!

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசந்தானே என்பீர்கள். போனாள். "காய்ச்சல் இருக்கா? இல்லேன்னா எதுக்கு டெஸ்டு?" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைய கூலியும் போச்சு.

நீதியின் லட்சணத்தையும் பார்ப்போம். 2020 மார்ச் 21இல் தனியார் பரிசோதனைக்கு ரூ.4500 உச்சவரம்பு என்றது மத்திய அரசு. ஏப்ரல் 8இல், தனியாரும் காசு வாங்கக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஏப்ரல் 13இல் அதே நீதிமன்றம் மாற்றிக்கொண்டது: ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருவோருக்கும் அரசு அறிவிக்கும் நலிந்தோருக்கும் மட்டுமே இலவசம். அந்த நீதிக்கு ஆயுசு ஐந்து நாள். திருவள்ளூர் செங்கல் சூளையில் கிடக்கும் இருளர் எந்த அட்டையைக் காட்டுவார்? தகரக் கொட்டகையில் அடைபட்ட ஒடியா, பீகாரித் தொழிலாளி எந்த அட்டையைக் காட்டுவார்?

1986ஐ நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் உறுதியானது சென்னையில்தான். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தம் வேலூருக்குப் போனது. கண்டறிந்த மருத்துவர்கள் சுனிதி சாலமன், நிர்மலா பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன, இருக்கட்டும். ரத்தம் கொடுத்த பெண்களின் பெயர் எங்கே?

ஆக, அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஊசி காப்பகத்துக்கே வரும். எங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் மூவாயிரம். ஒரே ஒடம்புக்கு ரெண்டு வெலை.

'சமூக விலகல்' என்று புதுசாய்க் கற்றுக் கொடுத்தார்களே, அதை ஊர் எங்கள் சேரிக்கு எப்போதோ கற்றுக் கொடுத்துவிட்டது. பரிசோதனையில்லாமலே எங்களைத் தீட்டு என்று தீர்ப்பெழுதிய ஊர் அது. இப்போது தீட்டில்லை என்பதற்கும் எங்களிடமே துட்டு கேட்கிறது.

கொரோனா ஓய்ந்ததென்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். சாக்கடையில் இறங்குகிறவருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இன்றும் இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம்தான், அங்கே போகிற நாளின் கூலியை யார் தருவது? அதனால் சொல்கிறோம்: சோதனை ஆலை வாசலுக்கு வரட்டும், சூளைக்கு வரட்டும், சேரிக்கு வரட்டும். சீட்டு கேட்கிற முதலாளியே செலவைக் கட்டட்டும். அன்றைய நாளுக்குக் கூலி வேண்டும். முடிவை முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், காண்ட்ராக்டரிடம் அல்ல.

இது தர்மம் கேட்பதல்ல. எங்கள் ஒடம்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுடையது.