நாளைக்கு வரப்போற ஊருக்கு இன்னிக்கே பட்டா

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துக்கங்க மக்களே.

போன மாசம் மதுரைல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பொட்டி தட்டுற வேலைல சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. சாப்பிட்டு முடிச்சதும் மெதுவா பக்கத்துல வந்து உக்காந்தான்.

"மாமா, ஒரு ரெனியூவல் வந்திருக்கு. கட்டவா, விட்டுடவா?"

"என்னடா, வண்டி இன்சூரன்ஸா?"

"இல்ல மாமா... டொமைன்."

ஒண்ணு ரெண்டு இல்ல சாமி, பன்னெண்டு! எல்லாமே டாட் ஏஐ. டாக்டர், வக்கீல், விவசாயம், கல்யாணம், ஜோசியம்னு ஊர்ல இருக்கற எல்லாத் தொழிலையும் ஆங்கிலத்துல எழுதி, பின்னாடி ஒரு 'பாட்', இல்லன்னா ஒரு 'ஏஜென்ட்' ஒட்டியிருக்கான். 2024 ஆரம்பத்துல வாங்கினது. டாட் ஏஐ பெயரை ஒரு வருஷத்துக்கு மட்டும் வாங்க முடியாது, குறைஞ்சது ரெண்டு வருஷம். அப்ப மூல விலையே ரெண்டு வருஷத்துக்கு 140 டாலர். பன்னெண்டுக்கு 1,680 டாலர். அன்னிக்கு மதிப்புல கிட்டத்தட்ட 1,40,000 ரூபாய், நடுவுல விக்கிறவன் வைக்கிற லாபம் தனி. முதல் போனஸ் முழுக்க அதுல போச்சு, மிச்சம் கிரெடிட் கார்டு. அக்காவுக்கு இன்னும் தெரியாது (அக்கா வலைப்பதிவு படிக்கறதில்ல, அந்த தைரியத்துலதான் எழுதறேன் :-)).

வித்தது எத்தனைன்னு கேட்டேன். பூஜ்யம்.

இந்தப் பையன் தனி ஆள் இல்ல. புதுசா ஒரு தொழில்நுட்பம் பேர் அடிபட ஆரம்பிச்சா போதும், ராத்திரியோட ராத்திரியா உக்காந்து பேர் பேரா வாங்கிக் குவிக்கிற ஒரு கூட்டம் இருக்கு. அதுல நம்மாளுங்களும் நிறைய. கேட்டா "முதலீடு"ங்கறாங்க, "தொலைநோக்கு"ங்கறாங்க. என் கருத்து: இது ரெண்டும் கிடையாது. லாட்டரிச் சீட்டு. அதுவும் சாதா லாட்டரி இல்ல, குலுக்கல் நடக்கற வரைக்கும் வருஷா வருஷம் சீட்டுக்கு வாடகை கட்டணும்.

உடனே ஒருத்தர் வருவார், "பிசினஸ் டாட் காம் கதை தெரியுமா?"ன்னு. தெரியும் சார். 1990கள்ல 1,50,000 டாலருக்கு வாங்கி 1999ல 75 லட்சம் டாலருக்கு வித்தாங்க. வாய்ஸ் டாட் காம் 2019ல 3 கோடி டாலருக்குப் போச்சு. சாட் டாட் காம் பெயரை ஹப்ஸ்பாட் நிறுவனர்கள்ல ஒருத்தரான தர்மேஷ் ஷா 2023ல 1.55 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். அப்புறம் அது ஓப்பன்ஏஐ கைக்குப் போயிடுச்சு. எல்லாம் உண்மை. ஆனா இந்தக் கதைகளை ஒரு தடவை நிதானமா படிங்க.

பிசினஸ், வாய்ஸ், சாட். மூணும் ஒத்தைச் சொல். எந்தக் காலத்துலயும் பழசாகாத சாதாரண ஆங்கில வார்த்தை. இந்த மாதிரி வார்த்தையெல்லாம் 1990கள்லயே பதிவாகி முடிஞ்சுது. 1995 செப்டம்பர் வரைக்கும் டாட் காம் பெயர் பதியறதுக்கு காசே கிடையாது, அதுக்கப்புறம்தான் ரெண்டு வருஷத்துக்கு 100 டாலர்னு வசூல் ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு உள்ள இருந்தவங்களுக்குக் கிடைச்சது மெயின் ரோட்டு மூலை மனை. இல்லையா, தர்மேஷ் ஷா மாதிரி கையில கோடிக்கணக்குல டாலர் வச்சிருக்கணும். 2024ல நம்ம பையன் வாங்கின 'விவசாய ஏஜென்ட்' இந்த ரெண்டு ஜாதியிலயும் சேராது. ஆனா அவனுக்கு இதை வித்தவன் காட்டற உதாரணம் மட்டும் எப்பவும் சாட் டாட் காம்தான்!

நாலுவழிச் சாலை ஓரம் கல்லு ஊனி, கலர் கொடி கட்டி, "இங்க ஏர்போர்ட் வரப்போவுது, அங்க சிப்காட் வரப்போவுது"ன்னு வேன்ல கூட்டிட்டுப் போயி, பிரியாணி பொட்டலம் கொடுத்து மனை விப்பாங்களே, அதேதான் இது. வேனும் பிரியாணியும்தான் மிஸ்ஸிங்.

சரி, ஊருக்கு உபதேசம் பண்றியே நீ யோக்கியமான்னு கேப்பீங்க. இல்லீங்க. 2021 அக்டோபர் 28, ஃபேஸ்புக் கம்பெனி தன் பேரை மெட்டான்னு மாத்திக்கிச்சு. அந்தக் காணொளியைப் பார்த்து முடிச்ச கையோட நானும் அஞ்சு பேர் வாங்கினேன். மெட்டாவெர்ஸ்ல கோயில், மெட்டாவெர்ஸ்ல கல்யாண மண்டபம்... சிரிக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி நான் என்னவோ பெரிய தீர்க்கதரிசி மாதிரி உணர்ந்தேன். மறுநாள் காலைல பார்த்தா எனக்குத் தோணின பத்து பேர்ல பாதிக்கு மேல வேற யாரோ எடுத்தாச்சு. அப்பவே புரிஞ்சிருக்கணும். எனக்கு செய்தி வந்த அதே நிமிஷம்தான் உலகத்துக்கும் வந்திருக்கு. நாட்டுக்கே தெரிஞ்ச ரகசியத்துல எவன் லாபம் பார்க்கறது? ரெண்டு வருஷம் கட்டி அழுதுட்டு அஞ்சையும் விட்டுட்டேன். வாங்கறேன்னு ஒரு ஈ காக்கா கூட வரல.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தொழில்நுட்பம் ஜெயிச்சாலும் அதோட பேர் ஜெயிக்கணும்னு சட்டம் இல்ல. 'இன்ஃபர்மேஷன் சூப்பர் ஹைவே'ன்னு ஒரு காலத்துல எல்லாப் பத்திரிகையும் எழுதிச்சு. இணையம் ஜெயிச்சது, அந்தப் பேர் எங்க போச்சு? வெப் 2.0ன்னு நாமளே எத்தனை பதிவு போட்டிருப்போம்! நம்ம தமிழ்லயே பாருங்களேன், கணிப்பொறின்னு ஆரம்பிச்சு கணினில வந்து நின்னோம். கணிப்பொறின்னு ஒருத்தன் ஐம்பது பேர் வாங்கி வச்சிருந்தா அவன் கதி என்ன?

அப்ப இதுல யாருக்குத்தான் லாபம்? சீட்டாட்ட கிளப்புல யார் ஜெயிச்சாலும் யார் தோத்தாலும் மேசைக் காசு கிளப்புக்கு. அந்தக் கதைதான். டாட் காம் பட்டியலை வச்சிருக்கற வெரிசைன் நிறுவனம் 2024 செப்டம்பர்ல இருந்து ஒவ்வொரு டாட் காமுக்கும் வருஷத்துக்கு 10.26 டாலர் மொத்த விலை வாங்க ஆரம்பிச்சது. அந்த 2024ல அவங்க வருமானம் 150 கோடி டாலருக்கு மேல. டாட் ஏஐ சொந்தக்காரங்க கரீபியன் கடல்ல இருக்கற ஆங்குவிலாங்கற குட்டித் தீவு. மக்கள்தொகை சுமார் 16,000, நம்ம ஊர்ல ஒரு பேரூராட்சி அளவு. 1995ல அவங்களுக்கு அந்த ரெண்டு எழுத்து ஒதுக்கினப்ப செயற்கை அறிவெல்லாம் யார் நினைச்சா! சாட்ஜிபிடி வந்து ஒரு வருஷத்துல, 2023ல, இந்தப் பெயர்ப் பதிவுலயிருந்து மட்டும் அந்த அரசுக்கு சுமார் 3.2 கோடி டாலர் வந்திருக்கு. அரசு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல.

ஆங்குவிலா மேல எனக்குக் கோபம் இல்ல. 2017ல இர்மா புயல்ல அடிபட்ட தீவு, நல்லா இருக்கட்டும். துவாலு தீவுக்கு டாட் டிவி மூலமா வந்த பணம்தான் 2000ல ஐ.நா. சபைல உறுப்பினராகச் சேர உதவிச்சு. அவங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சது, சந்தோஷம். ஆனா அடிச்சது சீட்டு அச்சடிச்சவங்களுக்கு. சீட்டு வாங்கின நம்ம பையன் மதுரைல கிரெடிட் கார்டு வட்டி கட்டிக்கிட்டு இருக்கான்.

இதுவரைக்கும் சொன்னது பணக் கணக்கு. அது மட்டும்னா "உன் காசு, உன் தலையெழுத்து"ன்னு விட்டுட்டுப் போயிருப்பேன். என்னை எழுத வச்சது வேற.

"ஒருத்தர் கூடவா கேக்கல?"ன்னு பையன்கிட்ட கேட்டேன். ஒரே ஒரு மெயில் வந்துச்சாம். ஒரு கல்லூரிப் பேராசிரியை. காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க மாணவர்களோட சேர்ந்து ஒரு செயலி பண்றாங்களாம், இவன் வச்சிருக்கற ஒரு பேர் அதுக்கு அச்சா பொருந்துது, என்ன விலைன்னு கேட்டிருக்காங்க. பையன் 3,000 டாலர்னு எழுதியிருக்கான். பதில் வரல. மூணு மாசம் கழிச்சு இவனா 500னு இறங்கியிருக்கான். "வேற பேர் வச்சுட்டோம் தம்பி, நன்றி"ன்னு ஒரு வரி வந்துச்சாம்.

இதைச் சொல்லும்போது அவன் வருத்தப்பட்டது 3,000 டாலர் போச்சேன்னு. எனக்கு வேற ஞாபகம் வந்துச்சு. சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன தமிழ் எழுத்துப்பிழை திருத்தி பண்ணேன், பழைய ஆளுங்களுக்கு நினைவிருக்கும். அதுக்கு ஆசையா நினைச்சு வச்சிருந்த பேரைப் போட்டா "இந்தப் பெயர் விற்பனைக்கு, 2,400 டாலர்"னு ஒரு வெத்துப் பக்கம் வந்து நின்னுச்சு. அந்தப் பேர்ல யாரும் ஒரு வரி எழுதல, ஒரு படம் போடல. நடுவுல கோடு போட்ட ஒரு அசட்டுப் பேரை வச்சு ஒப்பேத்தினேன். அன்னிக்கு அந்த முகம் தெரியாத ஆளை நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப அந்த ஆள் என் அக்கா பையனா என் பக்கத்துல உக்காந்து அப்பளம் தின்னுக்கிட்டு இருக்கான். 2021ல நானே அந்த ஆளாத்தான் இருந்தேன்.

இதுதான் எனக்கு உறுத்துது. இந்த வியாபாரத்துல ஒருத்தன் ஜெயிக்கணும்னா இன்னொருத்தர் எங்கயோ உக்காந்து ராத்திரி பகலா உண்மையான வேலை பார்க்கணும். அவர் கிளம்பி வர்ற வழில நாம கயிறு கட்டி நிக்கணும். அவரோட உழைப்புல நம்ம பங்கு என்ன? முன்னாடியே வந்து நின்னது. அவ்ளோதான்.

"நிலம் வாங்கிப் போடறதில்லையா, அது மட்டும் சரியா?"ன்னு கேக்கலாம். சும்மா போட்ட மனைல கூட பக்கத்து வீட்டு ஆடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. பூட்டி வச்ச பேர்ல என்ன மேயும்? விளம்பரம்தான் மேயும்.

இன்னொண்ணும் தெளிவா சொல்லிடறேன். அடுத்தவன் கம்பெனி பேரை வாங்கி வச்சு மிரட்டறது தனி ரகம், அதுக்கு சட்டம் இருக்கு. 1999லயே ஐகான் அமைப்பு அதுக்கு ஒரு பஞ்சாயத்து முறை கொண்டுவந்துடுச்சு. நம்ம உச்ச நீதிமன்றம் 2004ல சத்யம் இன்ஃபோவே வழக்குல டொமைன் பேருக்கும் வணிகச் சின்னம் மாதிரியே பாதுகாப்பு உண்டுன்னு சொல்லிடுச்சு. நான் பேசறது சட்டத்துக்கு உட்பட்ட ரகத்தைப் பத்தி. பொதுவான வார்த்தை, முறையா காசு கட்டி வாங்கினது, எந்தக் கோர்ட்டும் தப்புன்னு சொல்லாது. சட்டம் தப்புன்னு சொல்லலைங்கறதுக்காக அது நல்ல வேலை ஆயிடுமா?

ஏதாவது செய்யணும்னு ஆசைப்பட்டு பேர் வாங்கி, செய்ய முடியாமப் போனவங்களை நான் குத்தம் சொல்லல. அப்படி ஒண்ணு என்கிட்டயும் தூங்குது. நான் வச்சுக்கற அளவுகோல் சின்னது: அந்தப் பேர்ல ஒரு பக்கமாவது எழுதிப் போட்டியா? போட்டிருந்தா வச்சுக்க. இல்லன்னா அடுத்த ரெனியூவலுக்கு விட்டுடு. அடுத்த அலை ரோபோவோ குவாண்டமோ எதுவா வேணா இருக்கட்டும், இந்த ஒரு கேள்வி போதும்.

பையன்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டான். ராத்திரி பத்து மணிக்கு வந்து, ஒன்பது பேருக்கு தானா பணம் பிடிக்கறதை நிறுத்திட்டேன்னு காட்டினான். மூணை மட்டும் இன்னும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். அந்த மூணுல பேராசிரியை கேட்டதும் ஒண்ணு. அவங்களுக்கு இன்னும் வேணும்னா சும்மாவே கொடுத்துடறேன்னு ஒரு மெயில் போட்டிருக்கான். இந்தப் பதிவு எழுதற வரைக்கும் பதில் வரல.

பி.கு: டொமைன் வித்து வீடு கட்டினவங்க யாராவது நம்ம வலைப்பதிவுலகத்துல இருந்தா பின்னூட்டத்துல வந்து என்னைக் கும்முங்க. வித்த கணக்கோட, விக்காம ரெனியூவல் கட்டின கணக்கையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டாவது கணக்கை இதுவரைக்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்ல :-)