எல்லை தாண்டும் கைப்பேசி



டோவர் நகருக்கு அருகே, செயின்ட் மார்கரெட்ஸ் என்னும் கடற்கரையில் நிற்பவர் இங்கிலாந்து மண்ணைவிட்டு ஓர் அடியும் அகலாதிருக்க, அவரது கைப்பேசி "பிரான்சு நாட்டிற்கு நல்வரவு" என்று அறிவிப்பதுண்டு. கடலுக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் அலை அங்கே எட்டிவிடுகிறது. முன்பு அது வேடிக்கை. இன்று அதற்கு விலையும் கேட்கப்படலாம்.

அயல்நாட்டில் கைப்பேசியைப் பயன்படுத்துவோர் செலுத்திவந்த ரோமிங் கட்டணத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15-இல் நீக்கிற்று. ஒரு நாட்டு நிறுவனம் மற்றொரு நாட்டு நிறுவனத்திடம் கேட்கத்தக்க தொகைக்கும் வரம்பு விதித்தது. 2020 டிசம்பர் இறுதியில் பிரிட்டன் அச்சட்டத்தின் காவலை இழந்தது. புதிய வணிக உடன்படிக்கையோ நியாயமான கட்டணத்திற்கு முயல்வோம் என்றதோடு நின்றது. பழைய கட்டணத்தை மீண்டும் கொணரும் திட்டமில்லை என்று நிறுவனங்கள் கூறின. சொல் வேறு, சட்டம் வேறு அன்றோ! 2022-இல் வோடபோன், ஈ.ஈ., த்ரீ ஆகியவை புதிதாகச் சேர்ந்தோரிடம் நாளொன்றுக்கு 2 பவுண்டு பெறலாயின. அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும் விலக்களித்தன. வட அயர்லாந்தின் எல்லையோர மக்கள் அன்றாடம் அங்கே போய்வருபவர்கள்.

இரண்டு பவுண்டு அற்பமென்று தோன்றலாம். ஆனால் இலண்டனில் வாழும் நம் தமிழ்க் குடும்பமொன்று பாரிசில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் செல்கிறது என்று கொள்வோம். பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக நான்கு கைப்பேசிகள், ஏழு நாட்கள்: 56 பவுண்டு! மணமக்களுக்கு அளிக்கும் அன்பளிப்பை அது குறைத்துவிடாதா?

வேற்று நாட்டு அலையில் சேர்ந்ததும் கட்டண விவரத்தை வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டுமென்பது 2024 அக்டோபர் முதல் பிரிட்டனின் ஆஃப்காம் ஆணையத்தின் விதி. அச்செய்தியைப் படியாமல் அழித்துவிடாதீர்கள். பிள்ளைகளின் கைப்பேசிகளில் டேட்டா ரோமிங்கைப் புறப்படுமுன் வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.