முப்படைக்கு ஓர் அடிப்படை

2025ஆம் வருஷம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்ற ஆடித் திருவாதிரை விழாவை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இராஜேந்திர சோழன் கடல் கடந்து படை செலுத்தி ஆயிரம் ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய அவ்விழாவுக்கு, ஜூலை 27ஆம் தேதி பிரதம மந்திரியே நேரில் வந்திருந்தார். அரசன் பெயரால் நாணயமும் வெளியிடப்பட்டது. விழா முடிந்து பந்தலும் பிரிக்கப்பட்டது. முன்னோர் பெருமையைக் கேட்டு மகிழ்வது நல்லதே. ஆனால் அப்பெருமையிலிருந்து இன்றைய காரியத்திற்கு ஒரு பாடமேனும் நாம் கற்காவிட்டால், விழா வெறும் வேடிக்கையாய் முடிந்துவிடும். அத்தகைய பாடம் ஒன்றைக் குறித்தே இன்று எழுதத் துணிகிறோம்.

சோழர் சாசனங்களில் 'மூன்றுகை மகாசேனை' என்றொரு படையின் பெயர் வருகிறது. யானை, குதிரை, காலாள் ஆகிய மூன்று உறுப்புக்களும் சேர்ந்த சேனை என்று சரித்திராசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர். திருநெல்வேலிச் சீமையில் திருவாலீசுவரம் கோயிலின் காவலை இப்படை ஏற்றதாகக் கல்வெட்டும் இருக்கிறது. அப்பெயரைச் சற்றே நோக்குங்கள்! கை மூன்று, சேனை ஒன்று. கைகள் வேறுபட்ட தொழிலைச் செய்யலாம். ஆனால் அவை ஒரே உடலில் முளைத்தவையாய் இருத்தல் வேண்டும் என்பதை அப்பெயரே நமக்குச் சொல்லாமற் சொல்கிறது.

இந்நாளில் நமது தேசத்திற்கும் மூன்று கைகள் உண்டு: தரைப்படை, கப்பற்படை, ஆகாயப்படை. இம்மூன்றிலும் புதிதாய்ச் சேரும் வாலிபர்களுக்கு அடிப்படைப் பயிற்சியும் அதன் தராதரமும் ஒன்றாயிருக்க வேண்டுமா, அல்லது ஒவ்வொரு படையும் தன் மனம்போல் வகுத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. இது சேனாதிபதிகள் மட்டும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளைகளைப் பட்டாளத்திற்கு அனுப்பும் கிராமங்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு என்பது நமது கட்சி.

ஜயங்கொண்டத்திலும் உடையார்பாளையத்திலும் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் இளைஞனை நினைத்துப் பாருங்கள். வானம் பார்த்த பூமியிலே பிறந்த அவனுக்குப் பட்டாளத்து உத்தியோகம் குடும்பத்தின் நம்பிக்கை. மூன்று படைகளும் அவனை ஓடச் சொல்லும் தூரம் ஒன்றுதான், 1.6 கிலோமீட்டர். ஆனால் 2022இல் வெளியான விளம்பரங்களின்படி, தரைப்படைக்கு அத்தூரத்தை 5 நிமிஷம் 45 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். கப்பற்படைக்கு 6 நிமிஷம் 30 விநாடி போதும். உள்ளே சென்ற பிறகு பாதைகள் முற்றிலும் பிரிந்துவிடுகின்றன. தரைப்படையில் சேர்ந்தவன் வெல்லிங்டன் போன்ற ரெஜிமெண்டு நிலையத்திற்கும், கப்பற்படையில் சேர்ந்தவன் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கும், ஆகாயப்படையில் சேர்ந்தவன் பெல்காமுக்கும் போகிறான். ஒரே தெருவில் பிறந்த மூவர் ஒரே கொடிக்குச் சத்தியம் செய்தும், தம் சேவைக் காலம் முழுவதும் ஒருவர் தொழிலை மற்றவர் அறியாமலே இருந்துவிடக் கூடும்.

அதிகாரிகளின் நிலைமை இப்படியன்று. 1949இல் தேராதூனில் தொடங்கி, பின்னர் பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவுக்கு மாறிய தேசியப் பாதுகாப்புக் கழகத்தில், முப்படைக்கும் உரிய இளைஞர்கள் மூன்று வருஷம் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாகப் பயில்கிறார்கள். நடுவயதில், நமது நீலகிரியிலேயே உள்ள வெல்லிங்டன் ஸ்டாப் காலேஜில், தேர்ந்தெடுக்கப்பட்ட முப்படை அதிகாரிகள் மறுபடியும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஆனால் அதே வெல்லிங்டனில், சென்னை ரெஜிமெண்டு நிலையத்து மைதானத்தில் பயிற்சி பெறும் சிப்பாய்களுக்கிடையே ஒரு மாலுமியோ விமானப்படை வீரனோ இல்லை. ஒரே ஊரில் மேல் வகுப்புக்கு ஒற்றுமை, கீழ் வகுப்புக்குப் பிரிவினை! சேனையின் ஒற்றுமை அவசியமானதென்றால், அது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய ஆபரணமா என்று கேட்கிறோம்.

அதிகாரிகள் கூடிப் பயின்றதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. 1949இல் முதல் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்த ரோட்ரிக்ஸ், ராமதாஸ், சூரி ஆகிய மூவரும் 1991இல் ஒரே சமயத்தில் முப்படைகளின் தலைவர்களாய் விளங்கினர். உலகில் இதற்கு ஒப்புவமை காண்பது அரிது. ஆயினும் எட்டே வருஷத்திற்குப் பின், 1999இல் கார்கிலில் என்ன நடந்தது? மலையுச்சியில் பகைவன் குந்தியிருக்க, தரைப்படை ஆயுத ஹெலிகாப்டர்களைக் கேட்டது. அவ்வளவு உயரத்தில் அவை தாக்குப்பிடியா என்றும், தாக்குதலுக்கு சர்க்காரின் உத்தரவு வேண்டும் என்றும் ஆகாயப்படை பதில் சொல்லிற்று. மே 26ஆம் தேதிதான் ஆகாயத் தாக்குதல் தொடங்கியது. இடையே கழிந்த நாட்கள் போர்க்களத்தில் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை விவரிக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் விசாரணை நடத்திய கமிட்டியின் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் என்பது தமிழர் அறிந்து பெருமை கொள்ளத்தக்கது. அவ்விசாரணையின் விளைவாகத் தொடங்கிய சீர்திருத்தமே படிப்படியாக வளர்ந்து, 2001இல் அந்தமான் நிகோபார் தீவுகளில் முப்படைக்கும் பொதுவான முதல் ஆணையகத்தையும், 2020 ஜனவரி 1ஆம் தேதி முப்படைத் தலைமைத் தளபதி என்னும் பதவியையும் ஈன்றது. இராஜேந்திரன் தன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிப்பிடும் அதே நிகோபாரில், ஆயிரம் ஆண்டு கழித்து, மூன்று கைகள் மீண்டும் ஒரு சேனையாயின. அப்பதவியை முதன்முதலில் வகித்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8ஆம் தேதி, வெல்லிங்டன் ஸ்டாப் காலேஜில் சொற்பொழிவாற்றச் செல்லும் வழியில் குன்னூருக்கு அருகே விமானப்படையின் ஹெலிகாப்டர் விழுந்து உயிர் நீத்தார். அவரோடு சென்ற பதின்மூவரும் மாண்டனர். அவர் தொடங்கிய காரியத்தை அரைகுறையாய் விடுவது அவர் நினைவுக்கு மரியாதையாகாது.

இனி, சட்டத்தைக் கவனிப்போம். தரைப்படைக்கும் ஆகாயப்படைக்கும் 1950ஆம் வருஷத்துச் சட்டங்களும், கப்பற்படைக்கு 1957ஆம் வருஷத்துச் சட்டமும் தனித்தனியே இருக்கின்றன. ஒரு படையைச் சேர்ந்த தளபதி மற்றொரு படையின் வீரனைத் தண்டிக்க முன்பு இடமில்லை. 2023இல் பார்லிமெண்டு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. 2024 மே மாதத்தில் அது அமலுக்கு வந்தது. அதன்படி, கூட்டு ஆணையகத்தின் தளபதி எப்படையைச் சேர்ந்தவராயினும், தமக்குக் கீழுள்ள முப்படை வீரர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இச்சட்டம் அவசியமானதே. ஆனால் அதிலிருந்து எழும் நியாயம் ஒன்றை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கட்டளையும் தண்டனையும் பொதுவானால், கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் பயிற்சியும் பொதுவாக வேண்டாமா? ஒருவனுக்குப் போதிக்காத ஒழுங்கைக் காரணங்காட்டி அவனைத் தண்டிப்பது எந்த தர்மசாஸ்திரத்திலும் இல்லை. ஒரு தரைப்படைத் தளபதியின் முன் குற்றவாளியாய் நிற்கப்போகும் மாலுமிக்கு, அத்தளபதியின் படை ஒழுங்கை எதனால் அளக்கிறது என்பது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்க்கட்சியாரின் ஆட்சேபங்களையும் எடை போடுவோம். மாலுமிக்கு மலையேற்றம் எதற்கு, விமானத்தைப் பழுதுபார்ப்பவனுக்குப் பதுங்குகுழி வெட்டத் தெரிந்து பயன் யாது என்று அவர்கள் வினவுகிறார்கள். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு படைக்கும் உரிய தனித்தொழிலை மழுங்கச் செய்யும் எத்திட்டத்தையும் நாம் ஆதரியோம். கானடா தேசம் 1968இல் மூன்று படைகளையும் ஒன்றாய்க் கலைத்து, ஒரே உடையையும் மாட்டிற்று. மாலுமிகள் மனம் புழுங்கினர். 1980களின் நடுவில் தனித்தனி உடைகள் திரும்பின. 2011இல் பழைய பெயர்களும் திரும்பின. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அங்கே நிலைத்துவிட்டது. எப்படைக்குச் செல்பவராயினும், புதிய வீரர்கள் ஆரம்பப் பயிற்சியைப் பொதுவாகவே பெறும் ஏற்பாடுதான் அது. மிகையானது உதிர்ந்தது, தக்கது தங்கிற்று. தமிழர் பலர் தேசிய சேவை செய்யும் சிங்கப்பூரிலும், அழைக்கப்படும் இளைஞர்களில் பெரும்பாலோர் தேக்கோங் தீவில் ஆரம்பப் பயிற்சி பெற்ற பின்னரே பல படைகளுக்கும் பிரிந்து செல்கிறார்கள்.

செலவையும் காலத்தையும் காட்டி மறுப்போரும் உண்டு. 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி சேவை நான்கே வருஷம். அதற்குப் பின் நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் நிரந்தரமாக்கப்படுவர். சில்காவில் பயிற்சி சுமார் நான்கு மாதம். இதில் மேலும் வாரங்களைக் கூட்ட முடியுமா? கூட்ட வேண்டாம் என்பதே நமது பதில். இருக்கிற காலத்தில் முதல் எட்டு வாரத்தைப் பொதுவாக்கினால் போதும். உடல் வலிமை, துப்பாக்கி, முதலுதவி, நீச்சல், திசையறிதல், கம்பியில்லாக் கருவியில் பேசும் முறை, யுத்த தர்மத்தைப் பற்றிய சர்வதேசச் சட்டம், வீரனின் கடமையும் உரிமையும் ஆகிய இவற்றுக்கு ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே தேர்ச்சி மதிப்பெண் வையுங்கள். இடத்திற்கும் பஞ்சமில்லை. அக்னிபத்தின் முதல் வருஷத்தில் தரைப்படைக்கு 40,000 பேரும், மற்ற இரண்டுக்கும் தலைக்கு 3,000 பேருமே அறிவிக்கப்பட்டனர். அந்த 6,000 பேரைத் தரைப்படை நிலையங்களில் பிரித்து வைப்பது பெரிய காரியமா? ஆசிரியர்களை மட்டும் முப்படையிலிருந்தும் நியமிக்க வேண்டும். இல்லையேல் பொதுப் பயிற்சி என்பது தரைப்படையின் ஆதிக்கமாய் முடிந்துவிடும். எட்டு வாரத்திற்குப் பின் அவரவர் படை தனக்கு வேண்டிய உயர்தரத்தை எவ்வளவு கடுமையாகவும் வைத்துக்கொள்ளட்டும்.

பொது அளவு வைத்தால் அது தாழ்ந்த அளவாகவே முடியும் என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. தளத்தை ஒன்றாக்குவது கூரையைத் தாழ்த்துவதாகாது. உறுதியான பொது அஸ்திவாரம் இருந்தால்தான், அதன்மீது ஒவ்வொரு படையும் தன் மாடத்தை எழுப்ப முடியும். கங்கைகொண்ட சோழேச்சுரத்தின் விமானம் ஆயிரம் ஆண்டு நிற்பதற்குக் காரணம் சிகரத்தின் அழகன்று, கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்.

இதில் ஏழை வாலிபனின் நலனும் அடங்கியிருக்கிறது. நான்கு வருஷத்திற்குப் பின் ஊர் திரும்பும் நால்வரில் மூவருக்கு, முப்படையும் ஒப்புக்கொள்ளும் ஒரே அத்தாட்சிப் பத்திரம் கையிலிருந்தால், போலீஸ் இலாகாவிலோ தொழிற்சாலையிலோ அதற்கு ஒரே மதிப்புக் கிடைக்கும். எங்கே பயின்றாய் என்பதற்காக எவனும் தாழ்த்தப்பட மாட்டான்.

2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் மாண்ட 40 ரிசர்வ் போலீஸாரில் ஒருவர் அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்தவர். அவர் முப்படையில் எதையும் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் உடல் வந்தபோது அழுத ஜனங்கள், எந்த உடை உடுத்தியிருந்தார் என்று கேட்கவில்லை. உயிர்களை வேற்றுமையின்றி ஏற்றுக்கொள்ளும் தேசம், அவ்வுயிர்களைக் காக்கும் பயிற்சியிலும் வேற்றுமை பாராட்டாதிருக்கக் கடவது. பார்லிமெண்டில் நம்மைப் பிரதிநிதித்துவம் செய்யும் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இப்பிரச்னையை எழுப்ப வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அடுத்த ஆடித் திருவாதிரைக்கு இராஜேந்திரன் சிலைக்கு மாலை சூட்ட வருவோர், அவனுடைய மூன்றுகை மகாசேனையின் பெயரையும் ஒருமுறை உச்சரித்துப் பார்க்கட்டும்.