யார் மூட்டிய தீ?

"அடிமைக்கு உரிமை கேட்டால் நாட்டில் கலகம் மூளும், ஆகவே கேட்காதீர்!" என்று அமைதியின் பேரால் அறிவுரை கூறுவோர் எக்காலத்தும் உண்டு. அவர்கட்கு நாஞ்சில் நாட்டு வரலாறே விடை கூறும்.

நெல் விளைந்த அந்த நாட்டில், திருவிதாங்கூர் மன்னராட்சியில், புலையரும் பறையரும் விற்கப்பட்டனர், ஒற்றி வைக்கப்பட்டனர். நாடார் முதலானோர் தலைவரி செலுத்தினர். கூலியின்றி ஊழியம் செய்தனர். அவர்தம் பெண்டிர் மார்பை மறைப்பதும் குற்றமாம்! தோள்சீலை அணிந்தோரை 1822 முதல் சாதி ஆணவத்தார் அடித்தனர், ஆடையைக் கிழித்தனர். அரசு என்ன செய்தது? 1829-இல் ஆணையிட்டது: குப்பாயம் அணியலாம், மேலாடை கூடாது! பாதித் துணி, பாதி நீதி!

1855-இல் மன்னர் உத்திரம் திருநாள் அடிமை முறையை ஒழித்தார். ஆளை விற்கும் உரிமை போயிற்றே என்று பொருமிய கூட்டம், அடிமைச் சின்னத்தையேனும் காக்கத் துடித்தது. பழைய வழக்கத்தை மீறலாகாது என 1858 டிசம்பரில் அரசு அறிவித்தது. வன்முறையாளர்க்கு அதுவே அனுமதிச் சீட்டாயிற்று! 1859 சனவரியில் கோட்டாற்றில் கலவரம். பல ஊர்களில் வீடுகள் சூறை. வழிபாட்டிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் தீ. சென்னை ஆளுநர் டிரெவிலியன் இடித்துரைத்த பின்னரே, சூலை 26-இல் மார்பை மறைக்கும் உரிமை வந்தது. அப்போதும், 'உயர்சாதிப் பெண்டிரைப்போல் அணியலாகாது' என்ற ஒட்டுடன்!

அமெரிக்காவை நோக்குவீர்! 1820-இலும் 1850-இலும் சமரசம் செய்தார்கள். தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கவும் சட்டம் செய்தார்கள். அமைதி வந்ததா? அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்ற லிங்கன் 1860-இல் வென்றார். அதையும் பொறாத தென்மாநிலப் பண்ணையார்கள் பிரிந்தனர். 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டைமீது முதற்குண்டு அவர்தம் தரப்பே வீசியது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அங்கே பீரங்கி, இங்கே தடி. அளவு வேறு, காரணம் ஒன்றே! உரிமை கேட்டவன் போரை மூட்டவில்லை, மறுத்தவன் மூட்டினான். அரைகுறைச் சட்டம் அதற்கு எண்ணெய் வார்த்தது.

தோள்சீலைப் போராட்டத்தைக் கூறிய பாடத்தை 2019-இல் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து நீக்கினார்கள் நடுவண் பாடநூல் குழுவினர். ஏட்டிலிருந்து நீக்கலாம், நாட்டிலிருந்து நீக்க இயலுமா? இளைஞர்காள்! கோட்டாற்றுத் தெருக்களில் அதைப் பேசுங்கள், படிப்பகந்தோறும் படியுங்கள். கலகத்திற்கு அஞ்சி நீதியைத் தள்ளிப் போடுவோர், கலகத்தைத் தள்ளிப் போடவில்லை; வளர்க்கிறார்கள்!