ஒட்டுண்ணிப் புழுவும் ஆஸ்துமாவும்

பெங்களூருவில் குழந்தைகளிடையே ஆஸ்துமா எனும் இழுப்பு நோய் பெருகிவந்த வேகத்தை டாக்டர் எச். பரமேஷ் 20 ஆண்டுக் காலம் கணக்கிட்டு வெளியிட்டுள்ளார். அவருடைய மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்டோரில் 1979-ஆம் ஆண்டில் 9 சதவீதமாக இருந்த இந்நோய், 1999-இல் 29.5 சதவீதமாயிற்று. மருத்துவமனையை நாடி வந்தோரைப் பற்றிய கணக்கே இது. நகரத்துக் குழந்தைகள் அனைவரையும் பற்றியதன்று. எனினும், ஏற்றத்தின் திசை ஐயத்திற்கிடமற்றது. வாகனப் புகையும், நெருக்கமான வீடுகளில் சேரும் தூசும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இவற்றோடு, குடலில் வாழ்ந்த புழுக்கள் நகர வாழ்வில் அருகியதும் ஒரு காரணமாகுமோ என்னும் வினா விஞ்ஞானிகளிடையே எழுந்துள்ளது.

வினா விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு அடிப்படை உண்டு. புழு ஓர் உடலில் பல்லாண்டு வாழவேண்டுமாயின், அவ்வுடலின் எதிர்ப்பாற்றலை அது ஓரளவு அடக்கியாக வேண்டும். அதற்கென அது சில புரதங்களைச் சுரக்கிறது. ஆஸ்துமாவோ, தீங்கற்ற தூசையும் பூஞ்சை வித்தையும் பகையெனக் கருதி அதே எதிர்ப்பாற்றல் மிகையாகக் கிளர்ந்தெழுவதால் விளைவது. ஆகவே, புழு தன் நலங்கருதிச் செய்யும் அடக்குமுறை, நோயாளியின் மூச்சுக் குழாய்க்கும் அமைதி தரக்கூடும்.

எலியின் குடற்புழு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து 2017-இல் எடின்பரோ ஆராய்ச்சியாளர் விவரித்த புரதம் இதற்குத் தக்க சான்று. நுரையீரலின் உயிரணுக்கள் சிதையும்போது இன்டர்லூக்கின்-33 என்னும் அபாய அறிவிப்புப் பொருள் வெளிப்பட்டு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. இப்புரதம் அப்பொருளைப் பற்றிக்கொண்டு, சிதைந்த உயிரணுவின் டி.என்.ஏ.வோடு பிணைத்து, வெளியேறாவண்ணம் தடுத்துவிடுகிறது. மணியை ஒலிக்கவிடாமல் அதன் நாவைக் கட்டிவைப்பது போன்றது இது. கொக்கிப்புழுவின் ஏ.ஐ.பி.-2 எனும் புரதமும் சுண்டெலிகளில் ஆஸ்துமாவைத் தணித்ததென 2016-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது.

இவையாவும் எலிகளில் கண்டவை. மனிதரிடத்து நிலைமை அத்துணைத் தெளிவாக இல்லை. நாட்டிங்ஹாமில் ஆஸ்துமா நோயாளர் 32 பேரில் ஒரு பகுதியினருக்குப் பத்துக் கொக்கிப்புழு இளரிகளைச் செலுத்திப் பார்த்த சோதனையில் (2010) குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. காபோன் நாட்டு மாணவர்க்குத் தொடர்ந்து புழு நீக்க மருந்து கொடுத்தபோது, தூசுப் பூச்சிக்கு அவர்தம் தோல் காட்டும் ஒவ்வாமை உயர்ந்தது (2004). ஈக்வடாரில் நடந்த அத்தகைய சோதனையிலோ (2006) அவ்வாறு நேரவில்லை.

புழுவினாலேயே இழுப்பு வருவதும் உண்டு. பெங்களூருக்கு அண்மையில் உள்ள மதனப்பள்ளிக் காசநோய் இல்லத்தில் பிரிமோட்-மொல்லர், பார்ட்டன் ஆகிய இருவரும், காசநோய் போன்று தோன்றினும் காசநோயல்லாத ஒரு நுரையீரல் நோயை 1940-இல் விவரித்தனர். இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் பெருகி, இரவில் இருமலும் இழுப்பும் வாட்டும் அந்நோய்க்கு யானைக்கால் நோயின் புழுவே காரணமென்பது பின்னர் விளங்கிற்று. உருளைப்புழுவின் தொற்று ஆஸ்துமாவை மிகுவிப்பதாகவும், கொக்கிப்புழுவின் தொற்று குறைப்பதாகவும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டனர். புழுவெல்லாம் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழை.

இச்செய்திகளை அரைகுறையாகக் கேட்டறிந்த பெற்றோர் ஒருவர், தம் குழந்தைக்கு அல்பெண்டசோல் மாத்திரை வேண்டாமென ஆசிரியரிடம் கூறுவாராயின், அதனை ஏற்பதற்கில்லை. 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் நாளில் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்கப் பணி, இரத்தச் சோகையையும் வளர்ச்சிக் குறைவையும் தடுப்பதற்கானது. குடலில் குருதி உறிஞ்சும் புழுவை, எப்போதோ கிட்டக்கூடிய ஒரு நன்மைக்காகப் பேணி வைப்பது அறிவுடைமையாகாது. வேண்டுவது புழு அன்று, அதன் புரதம். அதனை ஆராய்ச்சிக்கூடத்திலேயே உற்பத்தி செய்துகொள்ள இயலும்.

எனினும், காபோனிலும் ஈக்வடாரிலும் முரண்பட்டு நிற்கும் விடையை இந்நாட்டுக் குழந்தைகளிடத்தும் தேடுவது பயனுடையது. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாத்திரை பெற்ற மாணவரின் பெயருக்கு எதிரே, அவருக்கு இழுப்பு உண்டா, இரவில் இருமல் வருகிறதா என்னும் இரு கேள்விகளுக்குரிய பத்திகளைப் பள்ளிச் சுகாதாரப் பதிவேட்டில் சேர்த்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் களப்பணியாளர் நிரப்பிவரலாம். பெங்களூருவின் நகரப் பள்ளி ஒன்றிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலும் இதனைத் தொடங்கலாம்.