போலீஸ் சான்று இருந்தால் போதுமா?

“எங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.” அட்மிஷன் சமயத்தில் பல பள்ளிகள் சொல்லும் பதில் இது. சான்று கட்டாயம் வேண்டும். அது இருப்பதால் பயமில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கொடுத்த பெயரில், கொடுத்த முகவரியில் வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா? அந்தத் தாள் சொல்வது அவ்வளவுதான். புகாராகாத குற்றமும், வழக்காகாத புகாரும் அதில் ஏறாது. 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். 1995 முதல் 1999 வரை வேறொரு பகுதியில் அவன்மீது பாலியல் புகார்கள் பல வந்திருந்தன. ஒன்றில்கூடத் தண்டனை இல்லை. வேலைக்கு இயன் நிக்ஸன் என்ற பெயரில் விண்ணப்பித்தான், பழைய பெயரையும் குறிப்பிட்டான். அநேகமாக நிக்ஸன் என்ற பெயரை மட்டுமே போலீஸ் தேடியிருக்கிறது என்றது இந்தக் கொலைகளை ஒட்டி 2004-இல் வெளியான பிச்சர்ட் விசாரணை அறிக்கை. சோதனை நடந்தது, ஆள் உள்ளே வந்துவிட்டான்.

இந்தியாவில் பாலியல் குற்றவாளிகளுக்குத் தேசியப் பட்டியல் இருக்கிறதே என்பார்கள். 2018-இல் தொடங்கிய அந்தத் தரவுத்தளம் காவல்துறைக்குத்தான் திறக்கும். பள்ளித் தாளாளர் அதில் பெயரைத் தேட முடியாது.

‘சேரும்போதே வாங்கிவிட்டோம்’ என்பதும் செல்லாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொல்கின்றன. ஆசிரியர் மட்டுமல்ல, ஒப்பந்தப் பணியாளரும் அதில் அடக்கம். வேன் டிரைவரும் ஆயாவும் ஏஜென்சி ஆட்கள் என்று பள்ளி கைகழுவ முடியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. ஒரு ஆசிரியர்மீது குழந்தை புகார் சொல்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ‘நடத்தை நன்று’ என்று அனுபவச் சான்றும் கொடுத்து அனுப்புகிறார்கள். வழக்கே இல்லாததால் அடுத்த ஊரில் போலீஸ் சான்று சுத்தமாக வரும். இப்படிப் புகாரை மறைப்பது குற்றம். போக்சோ 19-ஆம் பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தன்கீழ் வேலை பார்ப்பவரைப் பற்றி மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை.

நல்லவர்களையும் சந்தேகிப்பதா என்ற மனக்குறை புரிகிறது. எல்லோரையும் ஒரே மாதிரி கேட்டால் யாருக்கும் அவமானமில்லை.

ஆகவே பெற்றோரே, சான்று இருக்கிறதா என்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த வருடம் வாங்கியது, வேன் டிரைவருக்கும் உண்டா, முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு போன் செய்து ஏன் விலகினார் என்று விசாரித்தீர்களா, என் பிள்ளை இங்கே யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.