வாங்கிய விளையாட்டும் பூட்டிய கதவும்

கணினி விளையாட்டு நிறுவனங்கள் பழைய இயங்குதளங்களைக் கைவிடலாமா, கூடாதா என்பது பல வருடங்களாக நடந்துவரும் வழக்கு. வழக்கே பிழையாகத் தொடுக்கப்பட்டிருக்கிறது என்பது எனது அபிப்பிராயம். நாளை வெளிவரப்போகும் விளையாட்டு இருபது வருடங்களுக்கு முந்திய கணினியில் ஓடவேண்டும் என்று நியாயம் தெரிந்த எவரும் கேட்கமாட்டார். அப்படிக் கேட்பவர் எவரேனும் இருந்தால் அவருக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை, நேற்றுவரை அது நன்றாக ஓடிய அதே கணினியில் இன்று ஓடவிடாமற் செய்வது முற்றிலும் வேறு விடயம். முன்னையது ஒரு வியாபாரத் தீர்மானம். பின்னையதற்குப் பொருத்தமான சொல்லை வாசகர்களே தெரிவு செய்துகொள்ளட்டும். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கட்டி, 'ஆதரவு நிறுத்தம்' என்று நாகரிகமாகப் பெயர் சூட்டி நிறுவனங்கள் அறிவிக்கின்றன. நாமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வால்வ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2004 நவம்பரில் அது 'ஹாஃப்-லைஃப் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. இறுவட்டாகக் கடையில் வாங்கியவர்கூட ஸ்டீம் என்ற அந்நிறுவனத்தின் மென்பொருளைத் தமது கணினியில் நிறுவி, இணையத்தில் ஒரு கணக்கைத் திறந்து, விளையாட்டை அதில் பதிவு செய்த பிறகே விளையாட முடிந்தது. வாங்கிய பொருளுக்கு வாசற்காவலன் எதற்கு என்று அன்றே பலர் எதிர்த்துக் குரலெழுப்பினார்கள். விளையாட்டு அத்தனை சிறப்பாக இருந்ததால் அந்தக் குரல்கள் எடுபடவில்லை. அன்றைய வீட்டுக் கணினிகளில் பரவலாக இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அந்த விளையாட்டும் அக்காலக் கணினிகளில் ஓடுவதற்காகவே எழுதப்பட்டது.

2019 ஜனவரி 1ஆம் திகதி ஸ்டீம் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் கைவிட்டது. ஸ்டீமும் அதன் வழியாக வாங்கிய விளையாட்டுகளும் தொடர்ந்து இயங்கவேண்டுமானால் புதிய விண்டோசுக்கு மாறுங்கள் என்பதே வாடிக்கையாளருக்குக் கிடைத்த அறிவுரை. காரணம் என்ன? ஸ்டீமுக்குள் கூகிள் குரோம் உலாவி பொதிக்கப்பட்டிருக்கிறது. குரோம் பழைய விண்டோசில் இயங்காது. ஆகவே ஸ்டீமும் இயங்காது. விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றை 2024 ஜனவரி 1ஆம் திகதி கைவிட்டபோதும் சொல்லப்பட்டது இதே காரணந்தான். மரச்சாமான் கடைக்காரர் தமது கடையின் முகப்புக் கண்ணாடியை மாற்றிவிட்டாராம். அதனால் நீங்கள் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன மேசையில் இனிமேல் சோறு வைத்துச் சாப்பிட முடியாதாம். மேசையில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலும் ஒரு குறையும் இல்லை.

வால்வுக்கு அநியாயம் செய்யக்கூடாது. ஸ்டீமில் விற்கப்படும் எல்லா விளையாட்டுகளும் ஸ்டீம் இல்லாமல் திறக்க மறுப்பவை அல்ல. சில தாமாகவே திறக்கும். 2018இல் வால்வ் வெளியிட்ட புரோட்டன் என்ற மென்பொருளால் விண்டோஸ் விளையாட்டுகள் பல லினக்சில் ஓடுகின்றன. பழைய கணினிக்கு அது ஒரு மறுவாழ்வு. ஆனால் அதற்கும் ஓரளவு புதிய வரைகலை அட்டை வேண்டும். மேலும், வாங்கியதை ஓட்டுவதற்கு இயங்குதளத்தையே மாற்றிக்கொள் என்பது விற்றவர் சொல்லக்கூடிய நியாயமா?

நிறுவனங்களின் பக்கத்திலிருந்து மூன்று வாதங்கள் வழமையாக வருகின்றன. முதலாவது எண்ணிக்கை. இவர்கள் ஒரு வீதத்தினர்தானே என்கிறார்கள். ஒரு வீதம் என்றே வைத்துக்கொள்வோம். 2021இல் ஸ்டீமை மாதந்தோறும் பயன்படுத்தியோர் 13 கோடியே 20 லட்சம் பேர் என்பது வால்வே சொன்ன கணக்கு. அதில் ஒரு வீதம் 13 லட்சத்தைத் தாண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஆறு லட்சத்திற்கும் குறைவு. இரண்டு யாழ்ப்பாணங்களுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களைச் 'சொற்பம்' என்று ஒதுக்கும் துணிவு பத்திரிகைத் தொழிலில் எவருக்கும் வராது.

அந்த ஒரு வீதத்தினர் யார்? பழம்பொருள் சேர்க்கும் செல்வந்தர்களும் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள். இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. சம்பளம் அந்த இரண்டு மாதங்களில் எண்பது வீதம் உயரவில்லை என்பதை எவருக்கும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. கணினியின் ஒவ்வோர் உறுப்பும் டொலரில் வருகின்ற நாடுகளில் 'புதிய கணினி வாங்குங்கள்' என்பது ஆலோசனையாகாது. வசதியான நாடுகளில்கூட இப்போது அது இலேசாக இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியில் அவற்றின் விலை தாறுமாறாக ஏறியது. சாதாரண பாவனையாளருக்கு நினைவகம் விற்றுவந்த 'குரூசியல்' வணிகத்தையே மூடப்போவதாக அந்த வருடம் டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் அறிவித்தது.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. பழைய இயங்குதளத்துடன் இணையத்துக்குப் போவது ஆபத்து என்கிறார்கள். உண்மை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் பொதுவான ஆதரவு நின்றது. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவரை நானும் தடுப்பேன். ஆனால் தனியொருவர் தனியே விளையாடும் விளையாட்டுக்கு இணையம் எதற்கு? கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடலாமே. அப்படி விளையாட விடாமல், கணக்கைச் சரிபார்க்கவேண்டும் என்று கணினியை இணையத்துக்கு இழுப்பது கடைதான். இழுத்துக்கொண்டு போனவரே 'வெளியே கள்வர் பயம், நீ வரக்கூடாது' என்றும் சொல்கிறார்.

பல பேர் சேர்ந்து போட்டியிடும் இணைய விளையாட்டுகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அங்கே ஏமாற்றுக்காரர் தொல்லை மெய்யானது. 2025இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' பாதுகாப்பான தொடக்க ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அதே வருடத்து 'கோல் ஒஃப் டியூட்டி: பிளாக் ஒப்ஸ் 7' அதனுடன் டிபிஎம் சில்லையும் கேட்டது. கசப்பானாலும் காரணம் புரிகிறது. புதிய விளையாட்டுக்குப் புதிய நிபந்தனை, வாங்குமுன்னரே தெரிந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' விளையாட்டு ஒளிக்கதிர்த் தடமறியும் வசதியுள்ள வரைகலை அட்டை இல்லாமல் ஓடாது என்றபோது, 2016இல் வாங்கிய அட்டையை இன்னும் வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கில்லை. அவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை.

மூன்றாவது வாதம் செலவு. ஒவ்வோர் இயங்குதளத்திலும் பரீட்சித்துப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும் என்கிறார்கள். சிறிய நிறுவனம் இப்படிச் சொன்னால் இரங்கலாம். ஆனால் மிகச் சிறியவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 'ஸ்டார்டியூ வெலி' என்ற வேளாண்மை விளையாட்டு எரிக் பரோன் என்ற தனிமனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்டது. 2021இல் அதன் உள்ளமைப்பை அவர் 64 பிட்டுக்கு மாற்றினார். பழைய 32 பிட் கணினிகளும் பழைய வரைகலை அட்டைகளும் வைத்திருந்தவர்களுக்காக அதே ஸ்டீமில் தனியொரு கிளையைத் திறந்து, அவர்களுக்கு ஏற்ற பதிப்பை அங்கே வைத்தார். புதிய வசதிகள் அனைத்தும் அந்தக் கிளைக்கும் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வாங்கிய விளையாட்டு ஓடினால் போதும் என்பதே தேவை. இப்படிக் கிளை திறக்கும் ஏற்பாட்டை உருவாக்கி எல்லோருக்கும் வழங்கியிருப்பது வேறு யாருமல்ல, வால்வ்தான். விளையாட்டு எழுதுபவருக்குக் கொடுத்த வசதியை வால்வ் தனது ஸ்டீமுக்கே பிரயோகித்து, உலாவியும் கடையும் இல்லாத, வாங்கியவற்றைத் திறக்க மட்டும் உதவும் கடைசிப் பதிப்பொன்றை எக்ஸ்பிக்கு விட்டுவைத்திருக்கலாம். அதைப் பரீட்சிக்க வேண்டியது ஒரே ஒரு முறை.

பழைய கணினி வைத்திருப்பவருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்கவேண்டாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. 2000களின் இறுவட்டு விளையாட்டுகள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற பிரதித் தடைப் பூட்டு இருந்தது. அது கணினியின் அடித்தளம்வரை ஊடுருவும் பூட்டு, பாதுகாப்பு ஓட்டையுமாகும். 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. மைக்ரோசொப்ட் செய்தது சரி. ஆனால் கடையில் முழு விலைக்கு வாங்கிய இறுவட்டு புதிய கணினியில் திறக்காமற் போனது. பூட்டைப் போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பிவந்து திறந்துவிட்டார்கள்? அப்பிள் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட கட்டலினா இயங்குதளம் 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் வெளியேற்றியது. மக் கணினிக்காக வாங்கிய ஏராளமான விளையாட்டுகள் அத்துடன் வெறும் பெயர்களாயின. 'ஹாஃப்-லைஃப் 2'உம் அவற்றுள் ஒன்று. மைக்ரோசொப்டைத் திட்டுவதற்கு எனக்குக் காரணங்கள் குறைவில்லை. ஆயினும் 32 பிட் மென்பொருள்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அதே மைக்ரோசொப்ட் வன்பொருள் விடயத்தில் நடந்துகொண்ட முறை வேறு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், பட்டியலிட்ட செயலி வேண்டும் என்று விதித்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவையும் நிறுத்தியது. பழுதில்லாத கணினிகள் எத்தனை குப்பைக்குப் போகும்? 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதென்றும், முறையாக மீள்சுழற்சிக்குச் சென்றது அதில் கால்வாசிக்கும் குறைவென்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது.

ஈயஎழுத்துக் காலத்துப் பத்திரிகையொன்றைச் சுவடிக்கூடத்தில் எடுத்துப் படிப்பதற்கு எவரும் புதிய மூக்குக்கண்ணாடி வாங்கவேண்டியதில்லை. அந்தப் பத்திரிகைக் கம்பனியே மூடப்பட்டிருந்தாலும் தாள் பேசும். விளையாட்டுகளின் நிலை அப்படியில்லை. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று அந்நாட்டின் காணொளி விளையாட்டு வரலாற்று மன்றம் 2023இல் கணித்தது. எஞ்சியிருப்பவற்றில் பலவற்றைக் காப்பாற்றியவர்கள் அவற்றை உருவாக்கிய நிறுவனங்கள் அல்லர். டொஸ் காலத்து விளையாட்டுகள் இன்றும் ஓடுகின்றன என்றால், டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஊதியம் வாங்காமல் எழுதியவர்களே காரணம். போலந்தில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்றே பிழைத்து வருகிறது. ஆகவே இதில் வியாபாரம் இல்லை என்பதும் பொய். 'டூம்' விளையாட்டின் மூலநிரலை ஐடி நிறுவனம் 1997 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. இன்று அது ஓடாத இயந்திரம் எது என்று தேடவேண்டியிருக்கிறது. ஐடி நிறுவனம் அதனால் முடங்கிப்போகவில்லை. 2025இல் புதியதொரு 'டூம்' வந்தது.

ஆகவே கேட்பது பெரிய விடயமல்ல. ஓர் இயங்குதளத்தைக் கைவிடும் நிறுவனம், அதில் கடைசியாக ஓடிய பதிப்பைப் பூட்டை அகற்றி வாங்கியவரிடம் விட்டுச்செல்லவேண்டும். தன்னால் முடியாதென்றால், செய்யக்கூடியவர்களை வழக்குப் போட்டு விரட்டாமல் இருக்கவேண்டும். விற்கும்போதே நாள் குறிக்கவேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நீங்கள் வாங்குவது பொருளல்ல, அனுமதி மாத்திரமே என்று வாங்குமுன் தெரிவிக்குமாறு கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அது உண்மையைச் சொல்ல வைத்தது. அந்த அனுமதி எவ்வளவு காலத்துக்கு என்பதைச் சொல்ல வைக்கவில்லை.

நெருக்கினால் நிறுவனங்கள் அசையும் என்பதற்கும் சான்று உண்டு. யுபிசொப்ட் நிறுவனம் 2014இல் விற்கத் தொடங்கிய 'த குரூ' என்ற வாகன ஓட்ட விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31ஆம் திகதி மூடியது. தனியே ஓட்டுவதற்கும் வழங்கி தேவை என்ற முறையில் அது எழுதப்பட்டிருந்ததால் விளையாட்டு முழுவதுமே செத்தது. எந்தக் கணினி வைத்திருந்தாலும் பயனில்லை. ரொஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்கள் சேர்ந்தன. அதற்கு முன்னரே, 2024 செப்டெம்பரில், எதிர்ப்பின் சூடு தணியாதபோது, 'த குரூ 2'ஐ இணையமின்றி ஓட வைப்போம் என்று யுபிசொப்ட் வாக்குக் கொடுத்தது. 2025 ஒக்டோபரில் அதை நிறைவேற்றியும் விட்டது. முதலாவது 'த குரூ'வை வாங்கியவர்களுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.